நகராத புயல்

ஒரு முரண்பாடு

தஞ்சைத் தரணியின் முதிய விவசாயி ஒருவரிடம் புயல்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், 1952ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி நாகப்பட்டினத்தருகே கரையேறிய பெரும்புயலைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்ட விதமாக எடுத்துரைத்து, 1977 நவம்பர் 12ஆம் தேதிப் புயலில் ஓட்டுவீடுகள் கூரையிழந்து நின்றதை நினைவுகூர்ந்து, 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜாவில் வந்து பெருமூச்சு விடுவார். பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் ஒரத்தநாட்டிலும் இரண்டு தலைமுறைகள் வளர்த்த தென்னந்தோப்புகள் சில மணி நேரத்திற்குள் வேரோடு சாய்ந்து கிடந்த காட்சியைக் கண்டவர் எவரும் அதை மறக்கமாட்டார்.

ஆனால் அதே பெரியவரிடம், வயலை மூழ்கடித்த புயல் எது என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும். 2008 நவம்பர் 27ஆம் தேதி காலையில் காரைக்காலுக்கு வடக்கே கரையேறிய நிஷாவை அவர் சொல்லுவார். காற்றின் பலத்தைக் கொண்டு பார்த்தால் நிஷா ஒரு பெரிய புயல் அன்று. மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றைக் கொண்ட சுழலை நம் வானிலைத் துறையினர் வெறும் ‘புயல்’ என்றும், அதற்கு மேற்பட்டதைத் ‘தீவிரப் புயல்’ என்றும் வகுத்திருக்கிறார்கள். கஜா தீவிரப் புயல், நிஷாவோ முதல் வகுப்பைத் தாண்டவே இல்லை. அப்படியிருந்தும் அந்த எளிய புயலின் நாட்களில், தஞ்சாவூருக்குத் தெற்கே உள்ள ஒரத்தநாட்டில், 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் கடலூரில் ஒரே நாளில் பெய்த 57 சென்டிமீட்டரே அதுவரை தமிழகச் சமவெளியின் உச்சமாக 65 ஆண்டுக்காலம் நின்றிருந்தது. ஒரத்தநாடு அதைக் கடந்தது. காவிரி டெல்டா முழுவதும் சம்பாப் பயிர் நீருக்குள் போயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களும் போயின.

பலமான புயல் மரத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விட, பலவீனமான புயல் நாட்டையே மூழ்கடிக்கிறதே, இது என்ன விந்தை என்ற கேள்வி கடைமடைக் கிராமத்தின் தேநீர்க் கடையிலே எழுவதற்கும் வானிலை ஆராய்ச்சியாளரின் மேசையிலே எழுவதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. அதற்கு விடை பாதி ஆகாயத்திலும் பாதி நம் வயல்களின் வடிகாலிலும் கிடக்கிறது.

இரண்டு வேகங்கள்

பம்பரம் ஒன்றைச் சாட்டையால் விட்டுத் தரையில் ஆடவிடும்போது, அது தன் ஆணியின்மேல் சுழலுகின்ற வேகம் ஒன்றாகவும், சுழன்றுகொண்டே தரையின்மேல் இடம் பெயருகின்ற வேகம் வேறொன்றாகவும் இருப்பதையும், கண்ணுக்குத் தெரியாதபடி அதிவேகமாகச் சுழலும் பம்பரம் ஒரே இடத்தில் நிலையாக நிற்பதையும் பார்த்திருக்கிறோம். புயலுக்கும் இவ்விரண்டு வேகங்கள் உண்டு. செய்திகளில் “மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்” என்று சொல்லப்படுவது சுழலும் வேகம். “மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கி நகர்ந்து வருகிறது” என்பது பெயரும் வேகம். முன்னது மரத்தையும் மின்கம்பத்தையும் கூரையையும் பற்றியது. பின்னது பெரும்பாலும் மழையைப் பற்றியது. நாம் முன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, பின்னதைக் காதில் வாங்காமலே விட்டுவிடுகிறோம்.

கஜா கரையேறிய பின் திண்டுக்கல் வழியாக மேற்கு நோக்கி விரைந்து, அன்றைய தினமே கேரளத்தையும் கடந்து அரபிக்கடலில் போய் இறங்கிவிட்டது. கீழ்க்கடற்கரையிலிருந்து மேல்கடற்கரைவரை ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தூரத்தை ஒரு நாளுக்குள் ஓடி முடித்தது என்றால், எந்த ஓர் ஊரின் மேலும் அது நெடுநேரம் தங்கியிருக்க முடியாது என்பது வெளிப்படை. நிஷாவின் சரித்திரம் இதற்கு நேர் எதிரானது. நவம்பர் 25ஆம் தேதி இலங்கையின் மேல் தாழ்வுமண்டலமாக உருக்கொண்டு, யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் நனைத்து, பின்னர் கடலோரத்தை ஒட்டியே மெல்ல ஊர்ந்து, 27ஆம் தேதி காலையில் கரையேறி, கரையேறிய பின்பும் உடனே உள்ளே சென்று மறையாமல், வலுக்குன்றியபடியே டெல்டாவின் மேல் மழையைச் சொரிந்துகொண்டிருந்தது.

மழையின் மொத்த அளவு இரண்டு விஷயங்களின் பெருக்கம்: ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பெய்கிறது என்பது ஒன்று, எத்தனை மணி நேரம் பெய்கிறது என்பது மற்றொன்று. மணிக்கு 3 சென்டிமீட்டர் வீதம் பெய்யும் கனமழை 4 மணி நேரத்தில் நின்றுவிட்டால் 12 சென்டிமீட்டர். அதைத் தஞ்சை வயல்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். அதே மழை 22 மணி நேரம் நீடித்தால் ஒரத்தநாட்டின் 66 சென்டிமீட்டர் வந்துவிடுகிறது. மழையின் உக்கிரத்தில் கூடுதல் ஏதுமில்லை. நேரம் மட்டுமே நீண்டிருக்கிறது.

இத்தனை நீருக்கு ஊற்று எது?

ஒரு நாளில் முழங்காலளவுக்கு மேல் நீர் சேரும்படி பொழிகின்ற மேகம், அவ்வளவு நீரைத் தன்னுள்ளே முன்கூட்டிச் சுமந்துகொண்டு வந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. ஒரு கன மீட்டர் காற்று 28 பாகை உஷ்ணத்தில் தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 27 கிராம்தான். தலைக்குமேல் நிற்கும் காற்றிலுள்ள நீராவி முழுவதையும் ஒருசேரப் பிழிந்தெடுத்தாலும் சில சென்டிமீட்டர் மழைக்கு மேல் தேறாது. ஆகவே 66 சென்டிமீட்டர் பெய்யவேண்டுமானால், பிழியப்பட்ட காற்று மேலேறி விலக, ஈரமான புதிய காற்று சமுத்திரத்திலிருந்து அதன் இடத்திற்கு இடைவிடாது வந்துகொண்டேயிருக்க வேண்டும். புயல் என்பது இந்த வரத்தை நடத்துகின்ற ஓர் இயந்திரம்.

அந்த இயந்திரத்தை ஓட்டும் சக்தி நீராவிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஒரு லிட்டர் ஜலத்தைச் சாதாரண உஷ்ணத்திலிருந்து கொதிநிலைவரை சூடேற்றுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல ஏழு மடங்குக்கு மேற்பட்ட வெப்பம், கொதிக்கும் அந்த ஜலத்தை முற்றிலும் ஆவியாக்குவதற்கு வேண்டியிருக்கிறது. ஆவிக்குள் புதைந்து, தொட்டால் தெரியாமல் கிடக்கும் இந்த வெப்பத்தை ‘உள்ளுறை வெப்பம்’ என்போம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக்கடலின் மேற்பரப்பு 28 பாகையை ஒட்டி நிற்கிறது. புயல் பிறப்பதற்கு 26½ பாகைக்கு மேல் இருந்தால் போதும். அந்த வெதுவெதுப்பான பரப்பிலிருந்து எழுந்த ஆவி உயரே சென்று குளிர்ந்து துளியாகும்போது, தன் உள்ளுறை வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வெப்பமடைந்த காற்று மேலும் உயருகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப நாற்புறத்திலிருந்தும் ஈரக்காற்று விரைகிறது. பூமியின் சுழற்சியினால் அந்த ஓட்டம் நேராக வராமல் வளைந்து சுழலாகிறது. மழை பெய்யப் பெய்ய இயந்திரம் ஓடுகிறது, இயந்திரம் ஓட ஓட மழை பெய்கிறது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. காற்றின் கடுமை புயலின் மையத்தை ஒட்டியே இருக்கும். மழையோ மையத்திலிருந்து வெகுதூரம் நீண்டு சுருண்டு கிடக்கும் மேகப்பட்டைகளிலும் கனமாகப் பெய்யும். காரைக்காலுக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையே ஆகாயமார்க்கமாக அளந்தால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் இருக்கிறது. புயல் எங்கோ கரையேறுகிறது, நமக்கு ஒன்றுமில்லை என்று மற்ற ஊரார் நிம்மதியாக இருந்துவிடுவதற்கு இடமில்லை என்பதை ஒரத்தநாடு காட்டிற்று.

செலுத்துகாற்று ஓய்ந்தபோது

புயல் தன் விருப்பப்படி நகருவதில்லை. அதைச் சூழ்ந்து, பல கிலோமீட்டர் உயரம்வரை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் பாய்கின்ற பெருங்காற்றோட்டமே அதை அழைத்துச் செல்கிறது. இதற்குச் ‘செலுத்துகாற்று’ என்று பெயரிடலாம். செலுத்துகாற்று பலமாகவும் ஒரே திசையிலும் இருந்தால் புயல் கஜாவைப்போல விரைந்து போய்விடும். இரண்டு எதிரெதிர்க் காற்றோட்டங்களுக்கு நடுவே புயல் சிக்கிக்கொண்டு, ஒன்று மேற்கே இழுக்க மற்றொன்று வடகிழக்கே இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டால், புயல் நின்ற இடத்திலேயே நின்று சுழல வேண்டியதுதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விபரீதமன்று. அமெரிக்காவில் 2017 ஆகஸ்டு 25ஆம் தேதி டெக்சாஸ் கரையை மகா உக்கிரத்தோடு தாக்கிய ஹார்வி என்ற சூறாவளி, அந்த உக்கிரம் தணிந்த பின்னர்தான், ஹூஸ்டன் மாநகரத்தின் சுற்றுப்புறத்தில் நான்கு நாட்கள் நகராமல் தங்கி, சில இடங்களில் 150 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையேறவேயில்லை, ஆந்திரத்தின் பாபட்லா அருகேதான் கரையேறிற்று. எனினும் சென்னைக்கு எதிரே கடலில் அது தயங்கி நின்ற நேரம் அம்மாநகரத்தை மூழ்கடிக்கப் போதுமானதாக இருந்தது. 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரியருகே கரையேறிய ஃபெஞ்சல் பல மணி நேரம் அங்கேயே அசையாமல் நிற்க, மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 2023 டிசம்பர் 18ஆம் தேதிக் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்து ஒரத்தநாட்டின் பதிவையும் பின்னுக்குத் தள்ளியபோது அங்கே புயலே இல்லை. மேலடுக்கில் ஒரு சுழற்சி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

கடலும் காற்றும் ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்பது பௌதிகத்தின் உறுதியான விதி. உலகம் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில், அதே புயல் அதே இடத்தில் அதே நேரம் நின்றால், நம் பாட்டனார் கண்டதைவிடக் கூடுதலாகவே பெய்யும்.

ஒரு வேலி நிலத்தின் கணக்கு

ஆகாயத்தின் கதை இவ்வளவோடு நிற்கட்டும். இனி வயலுக்கு இறங்குவோம். தஞ்சையில் நிலத்தை இன்றும் மா என்றும் வேலி என்றும் கணக்கிடுவோர் இருக்கிறார்கள். 20 மா சேர்ந்தது ஒரு வேலி. அது 6⅔ ஏக்கர், அதாவது ஏறத்தாழ 27,000 சதுர மீட்டர். அத்தகைய ஒரு வேலி நிலம் ஒரத்தநாட்டில் அன்று கிடந்ததாக வைத்துக்கொண்டு, அதன்மேல் விழுந்த நீர் எவ்வளவு என்று பார்ப்போம்.

66 சென்டிமீட்டர் உயரத்திற்கு 27,000 சதுர மீட்டர் பரப்பை நிரப்பினால் 17,800 கன மீட்டர் ஆகிறது. அதாவது 1 கோடியே 78 லட்சம் லிட்டர். இவ்வளவு பெரிய எண் மனத்தில் ஒட்டாது. ஆகவே இதைப் பயிரின் தாகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லது. நெற்பயிர் வேரினால் உறிஞ்சி இலைவழியே விடும் நீர், வெயிலில் வற்றும் நீர், மண்ணுக்குள் இறங்கும் நீர் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தால், வயலுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயர நீர் வேண்டும். ஒரு போகத்திற்கு 120 சென்டிமீட்டர் என்பது பொதுவான மதிப்பு. எனவே அந்த ஒரே நாளில் வயலில் வந்து விழுந்தது, பாசன வாய்க்கால் இரண்டு மாதத்திற்கு மேல் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டிய நீர்.

இப்போது அதை வெளியேற்ற வேண்டும். வரப்பின் உயரம் ஒரு முழத்திற்கும் குறைவு. ஆகவே பாதி நீர் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போகும். ஆனால் பக்கத்து வயலிலும் அதே மழை பெய்திருக்கிறது. நீர் உள்ளே வந்த வாய்க்காலின் அளவுக்கே வெளியே போகும் வழியும் இருந்தால், நாளொன்றுக்கு 1 சென்டிமீட்டர் வீதம், வயல் வடிய 66 நாட்கள் பிடிக்கும்; அதற்குள் அறுவடைக் காலமே வந்துவிடும். வடிகால் அதைப்போல ஐந்து மடங்கு பெரியதாக இருந்து, நாளொன்றுக்கு 5 சென்டிமீட்டரை இழுத்துக்கொண்டால், 13 நாட்கள். பத்து மடங்கு பெரியதாகவும், புல்லும் சேறும் இல்லாமலும், அதன் மறுமுனை தாராளமாகத் திறந்தும் இருந்தால் ஏழு நாட்கள். இந்த ஏழு, பதின்மூன்று என்ற எண்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பயிரின் உயிர் அவற்றின் நடுவேதான் ஊசலாடுகிறது.

ஒரு வேலியை விட்டு டெல்டா முழுவதையும் எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் திகைப்பூட்டுவதாக இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகிய மாவட்டங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீட்டர். அதன்மேல் சராசரியாக 31 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த நீர் விளிம்புவரை நிரம்பிய மேட்டூர் அணையின் 93.47 டி.எம்.சி. கொள்ளளவுக்குச் சமம். மேட்டூர் நீரைப் பல மாதங்களாகப் பங்கிட்டுக் கொடுக்கிறோம். மழை அதை மூன்று நான்கு நாளில் தந்துவிட்டு, திருப்பி அனுப்பும் பொறுப்பையும் நம் தலையில் வைத்துவிடுகிறது.

வரும் வழியும் போகும் வழியும்

காவிரி டெல்டாவுக்கு வெள்ளம் இரண்டு திசைகளிலிருந்து வரும். ஒன்று மேற்கிலிருந்து, ஆடி ஆவணியில், குடகு மலையில் பெய்த தென்மேற்குப் பருவமழையாக ஆற்றின் வழியே வருவது. 1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கரைகளை உடைத்துக்கொண்டு வந்தது அத்தகைய வெள்ளம். அதை எதிர்கொள்ள நம்மவர் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிந்தித்திருக்கிறார்கள். கரிகாலன் பெயரோடு சேர்ந்து நிற்கும் கல்லணை, 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணை, 1934இல் முடிந்த மேட்டூர் அணை ஆகிய எல்லாம் சேர்ந்து, வேண்டிய நீரைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் விட்டு, வேண்டாத பிரவாகத்தைக் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு அனுப்பிவிடுகின்றன. கொள்ளிடம் இல்லையேல் டெல்டா இல்லை.

மற்றொன்று கிழக்கிலிருந்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகவும் புயலாகவும் வருவது. இதன் முன்னே கல்லணை கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. பெருமழைக் காலத்தில் அதிகாரிகள் செய்யக்கூடியதெல்லாம், காவிரியிலும் வெண்ணாற்றிலும் திறந்த நீரை நிறுத்தி, மேலிருந்து வருவதைக் கொள்ளிடத்தில் திருப்பி, ஆறுகளின் வயிற்றைக் காலியாக வைத்திருப்பதுதான். அது அவசியமான காரியம், அதைக் கிரமமாகச் செய்தும் வருகிறார்கள். ஆனால் வயலின்மேல் நேரே விழுந்துவிட்ட நீர் கல்லணைக்குக் கீழே, நூற்றுக்கணக்கான வாய்க்கால்களுக்கு நடுவே கிடக்கிறது. அதற்குக் கொள்ளிடம் இல்லை.

அதற்கு இருப்பவை வடிவாய்க்கால்களும், அவை சென்று சேரும் சிற்றாறுகளும். டெல்டாவின் அமைப்பில் மெச்சத்தக்க சிக்கனம் ஒன்று உண்டு: மேல்மடை வயல்களின் கழிவுநீரைக் கீழே உள்ள ஆறு வாங்கிக்கொண்டு, அதையே கடைமடைக்குப் பாசனமாகக் கொடுக்கிறது. வறண்ட காலத்தில் இது வரப்பிரசாதம். வெள்ள காலத்திலோ, மேலே வடிகாலாகவும் கீழே பாசனமாகவும் இருக்கவேண்டிய ஒரே ஆறு, இரண்டு வேலைகளுக்கும் நடுவே திணறுகிறது. பாசனத்திற்காக நீர்மட்டத்தை உயர்த்திப் பிடிக்கும் ரெகுலேட்டர்களின் ஷட்டர்களை உரிய காலத்தில் தூக்காவிட்டால், அவையே வடிகாலுக்கு அணையாகிவிடும். வெங்காயத்தாமரை பாலத்தூண்களில் வந்து அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

மற்றொரு காரணத்தையும் மனம் நொந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அதற்கு முன் கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாரும் பணி நடக்கிறது. நீர் வந்து சேரவேண்டுமே என்ற கவலை எல்லோருக்கும் இருப்பதால் பாசன வாய்க்காலுக்கு முதலிடம் கிடைக்கிறது. நீர் போய்ச் சேரவேண்டுமே என்ற கவலை கார்த்திகையில்தான் பிறக்கிறது. அப்போது வடிவாய்க்காலில் இறங்கித் தூர்வார எவராலும் முடியாது. வறட்சியில் எல்லோருக்கும் கடைசியாக நீர் பெறுகின்ற கடைமடைக்காரர், வெள்ளத்தில் எல்லோருடைய நீரையும் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாக வயலின் தரையைக் காண்கிறார்.

கார்த்திகைக் கடல்

இவ்வளவையும் கடந்து நீர் கடற்கரையை அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே கடைசி இடையூறு காத்திருக்கிறது.

தஞ்சாவூர் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த உயரத்தின் பெரும்பகுதி மேற்குப் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. திருவாரூரைத் தாண்டிக் கிழக்கே செல்லச் செல்ல, நிலம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சாண்தான் சரிகிறது. சரிவு குறைந்தால் ஓட்டமும் குறையும். நீர் வடிவதற்கு அந்த ஒரு சாணே ஆதாரமாக இருக்கையில், கடலின் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால், முகத்துவாரத்திலிருந்து உள்ளே நான்கைந்து கிலோமீட்டர்வரை ஆற்றுக்குச் சரிவே இல்லாமல் போய்விடுகிறது. அதற்கப்பாலும் ஓட்டம் தளர்ந்து நீர் பின்னுக்குத் தேங்குகிறது.

கடல் அப்படி உயருமா? உயரும், அதுவும் வேண்டாத நேரம் பார்த்து உயரும். புயலின் நடுவே காற்றழுத்தம் குறைவதாலும், அதைவிட முக்கியமாகக் காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுவதாலும் உண்டாகும் உயர்வைப் ‘புயலேற்றம்’ என்று சொல்லலாம். பாக் நீரிணை ஆழமற்றதாகையால், தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பிச் செல்ல இடமின்றி மேலே குவிகிறது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவில் தனுஷ்கோடியை அழித்தது இத்தகைய ஏற்றமே.

புயலில்லாத நாளிலும் கூட, சோழமண்டலக் கரையில் கடலின் சராசரி மட்டம் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. வடகிழக்குப் பருவத்தில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி, வங்கத்துப் பெருநதிகளின் உப்புக் குறைந்த இலேசான நீரைக் கரையை ஒட்டிக் கொண்டுவருகிறது. அதனால் நவம்பர் மாதத்தை ஒட்டி இக்கடலின் மட்டம் ஆண்டின் உச்சத்தை அடைகிறது. நாகப்பட்டினத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவாக இருக்கையில், இந்தப் பருவ உயர்வு அற்பமான சங்கதி அன்று. டெல்டா அதிகமான நீரை வெளியேற்றவேண்டிய மாதமும், கடல் அதை வாங்கிக்கொள்ள மிகவும் தயங்குகின்ற மாதமும் ஒன்றாக அமைந்திருப்பது இப்பிரதேசத்தின் விதி.

வெண்ணாற்றின் கீழ்ப்பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு ஆகியவற்றையும் வளவனாறு வடிகாலையும் வேதாரண்யம் கால்வாயையும் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு அகலப்படுத்திக் கரை உயர்த்தும் பணி மேற்கொள்ளப்பட்டது இந்தக் காரணத்தினால்தான். ஆற்றின் படுகையை ஆழப்படுத்துவது எளிதாகத் தோன்றும். ஆனால் முகத்துவாரத்தருகே அளவுக்குமேல் ஆழப்படுத்தினால், நல்லநீர் வெளியே போகும் வழியாகவே கோடையில் உப்புநீர் உள்ளே வந்துவிடும். அதனால் கடைமடை ரெகுலேட்டர் வெள்ளத்தில் திறந்தும் கோடையில் மூடியும் இருக்க வேண்டும்; அதன் ஷட்டர் துருப்பிடித்துத் தூக்க முடியாமற் போனால் இரண்டு பருவத்திலும் நஷ்டம் கடைமடைக்கே.

நீரடியில் பயிர்

நெல் நீரில் வளரும் பயிர். ஆனால் அது நீருக்குள் வளரும் பயிர் அன்று. காற்றில் பரவுவதைக் காட்டிலும் பிராணவாயு நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தலைமூழ்கிய பயிருக்கு மூச்சும் இல்லை, கலங்கல் நீரின் வழியே வெளிச்சமும் இல்லை. அந்த நிலையில் பெரும்பாலான நெல்வகைகள் மேலே எட்டிப் பார்த்துவிட முயன்று, தண்டை நீட்டி நீட்டித் தம்மிடம் சேமித்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்துவிடுகின்றன. நீர் மாதக்கணக்கில் நிற்கும் வங்காளத்துப் பள்ளநிலங்களில் வளரும் ஆழ்நீர் நெல்லுக்கு இந்த உபாயம் பலிக்கிறது. சில நாட்களில் வடிந்துவிடும் வெள்ளத்தில் இது தற்கொலைக்கு ஒப்பாகும்: ஒரு வாரத்தைத் தாண்டினால் பயிர் சேமிப்பு தீர்ந்து, நீர் வடிந்ததும் நிற்க வலுவின்றி மடங்கி அழுகிவிடுகிறது.

ஒடிசாவின் பழைய நெல்வகை ஒன்று வேறு வழியைக் கைக்கொண்டிருந்ததை விஞ்ஞானிகள் கண்டார்கள். எப்.ஆர். 13ஏ என்ற அந்த நெல், மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சேமிப்பைக் காத்துக்கொண்டு, நீர் வடியும்வரை பொறுத்திருக்கிறது. அதற்குக் காரணமான மரபுக்கூறு 2006இல் இனங்காணப்பட்டு, சப்-1 என்ற பெயரோடு, மக்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிடும் நெல்வகைகளில் கலப்பின முறையால் சேர்க்கப்பட்டது. சம்பாவுக்குப் பெயர்போன சி.ஆர். 1009 நெல்லிலும் அது சேர்க்கப்பட்டு, சி.ஆர். 1009 சப்-1 என்று நம் டெல்டாவின் வயல்களுக்கு வந்திருக்கிறது. முற்றும் மூழ்கிய நிலையில் ஏறத்தாழ இரண்டு வாரம் இதனால் தாக்குப்பிடிக்க முடிகிறது.

முன்னே நினைவில் வைக்கச் சொன்ன எண்களை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஏழு நாளில் வடியும் வயலில் சாதாரண நெல்லும் ஒருவாறு தப்பும். பதின்மூன்று நாளில் வடியும் வயலில் சாதாரண நெல் மடிந்துபோகும், சப்-1 பெற்ற நெல் பிழைக்கும். இருபது நாள் தேங்கும் கடைமடைப் பள்ளத்திலோ இரண்டும் மடியும். அங்கே விதையால் ஆவது ஒன்றுமில்லை, வடிகால் ஒன்றே கதி. தாளடி நட்டுப் பத்து நாள்கூட ஆகாத நாற்றுக்கு, சேமிப்பே இல்லாத காரணத்தால், ஏழு நாள் என்ற கணக்கும் பொருந்தாது.

நீர் வடிந்த உடனே பயிரைப் பார்த்துப் போயிற்று என்று முடிவுகட்டுவதும் சரியன்று. பல நாள் நீரடியில் இருந்த இலைகள் திடீரென்று வெயிலையும் காற்றையும் தாங்கமாட்டாமல் முதல் சில நாட்களில் வாடிச் சுருளுவது இயல்பு. அடிக்கட்டையில் குருத்து உயிரோடு இருந்தால் ஒரு வாரத்திற்குள் புதிய இலை தலைகாட்டும். தூருக்குத் தூர் அமுக்கிப் பார்த்து, உறுதியாக இருப்பவை பாதிக்கு மேல் தேறினால், இடைவெளியில் நாற்றுப் போக்கி, தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கொடுத்துக் காப்பாற்றலாம். தேறாவிட்டால், கார்த்திகை கடந்துவிட்ட பின் மறுபடியும் சம்பா நடுவதற்குப் பருவம் இல்லை; ஈரம் மெழுகுப் பதத்திற்கு வரும்வரை காத்திருந்து, தை மாதத்தில் உளுந்தோ பயறோ தெளிக்க வேண்டியதுதான்.